படமா, கணக்கா, பாட்டா: வெள்ளிக்கிழமைக்குள் ஒரு டிக்

பள்ளியிலிருந்து வந்த சுற்றறிக்கை நான்கு நாட்களாக எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்துக்கு அடியில் நிற்கிறது. இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்குச் செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் பள்ளி விட்ட பிறகு ஒரு மணி நேரம் சிறப்பு வகுப்பு. ஓவியம், கணக்கு, இசை, இந்த மூன்றில் ஏதாவது ஒன்று. இரண்டு எடுக்க முடியாது, நடுவில் மாற முடியாது. வெள்ளிக்கிழமைக்குள் டிக் அடித்து, கையெழுத்துப் போட்டு, டைரிக்குள் வைத்து அனுப்ப வேண்டும்.

வீட்டில் ஆளுக்கொரு கட்சி. மனைவி கணக்குப் பக்கம். மாமியார் பாட்டுப் பக்கம். "பாட்டு கத்துக்கிட்டா கணக்கு தானா வந்துடும் மாப்பிள்ளை" என்று காலையில் காபி கொடுக்கும்போதே ஆரம்பித்துவிடுகிறார். ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மகன், "எதுல வேணா சேருங்க, அபாகஸ்ல மட்டும் சேர்க்காதீங்க" என்கிறான். அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன். சம்பந்தப்பட்ட மகளைக் கேட்டால், பக்கத்து பெஞ்சுத் தோழி எதில் சேருகிறாளோ அதில்தான் என்று சொல்லிவிட்டாள். அந்தத் தோழி வீட்டிலும் இதே பஞ்சாயத்துதான் ஓடிக்கொண்டிருக்கும்.

பெங்களூரில், அதுவும் சி.வி. ராமன் நகர் மாதிரி இடத்தில், குழந்தைகளுக்கு வகுப்புப் பஞ்சம் கிடையாது. எங்கள் லிஃப்டில் மட்டும் இப்போது ஐந்து நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது: கீபோர்டு, அபாகஸ், வேதக் கணிதம், ரோபாட்டிக்ஸ், 'கிரியேட்டிவ் ஆர்ட்'. ஆகவே பள்ளியில் எடுக்காதது கைவிட்டுப் போய்விடுமோ என்று பயப்பட வேண்டியதில்லை. மூன்றில் எதை வீட்டிலேயே செய்துகொள்ளலாம், எதற்குத் தனி வாத்தியார் வேண்டும், எது பள்ளியில் இருந்தால்தான் நடக்கும் என்று பார்த்தால் போதும் என்று தோன்றியது. சனிக்கிழமை பெற்றோருக்காக டெமோ வகுப்பு வைத்திருந்தார்கள். மூன்றிலும் கடைசி வரிசையில், முழங்கால் மேசையில் இடிக்கும் அந்தக் குட்டி நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தேன்.

கணக்கிலிருந்து தொடங்குகிறேன். அதில்தான் எங்களுக்குப் பட்ட அனுபவம் உண்டு.

மகன் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது வீட்டுக்குப் பக்கத்தில் ஓர் அபாகஸ் மையத்தில் சேர்த்தோம். இங்கே சொல்லிக்கொடுக்கும் அபாகஸ் பெரும்பாலும் ஜப்பானிய சொரோபான்தான். ஒவ்வொரு கம்பியிலும் மேலே ஒரு மணி, கீழே நான்கு. மேல்மணிக்கு மதிப்பு 5, கீழ்மணி ஒவ்வொன்றுக்கும் 1. மூன்று மணி ஏறியிருக்கும் கம்பியில் 4-ஐக் கூட்ட வேண்டுமென்றால் கீழே மணி போதாது. மேலிருக்கும் 5-ஐ இறக்கி, கீழே ஒன்றை எடுத்துவிட வேண்டும். இதற்கு 'ஸ்மால் ஃப்ரெண்ட்' என்று பெயர். 7-ஐக் கூட்ட இடமில்லையென்றால் பக்கத்துக் கம்பியில் 10-ஐ ஏற்றி இங்கே 3-ஐ எடுப்பது 'பிக் ஃப்ரெண்ட்'. ஆறேழு மாதத்தில் பையன் அந்த மணிச்சட்டம் இல்லாமலே விரல்களைக் காற்றில் அசைத்து, பத்து எண்களை வரிசையாகக் கூட்டிச் சொன்னான். வீட்டுக்கு வந்தவர்கள் முன்னால் அதை நாங்கள் செய்துகாட்டச் சொன்னதை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

ஒரு நாள் தெருமுனைக் கடையில் 35 ரூபாய் பிஸ்கட் பாக்கெட் மூன்று எடுத்தோம். 200 ரூபாய் நோட்டை அவன் கையில் கொடுத்து, "அங்கிள் எவ்வளவு மீதி தரணும்?" என்றேன். விரல் அசையவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்து, "ப்ளஸ்ஸா, மைனஸாப்பா?" என்று கேட்டான். அதற்குள் கடைக்காரர் 95 ரூபாயை எண்ணி நீட்டிவிட்டார். கூட்டச் சொன்னால் கூட்டுவான், கழிக்கச் சொன்னால் கழிப்பான். எதை எப்போது செய்வது என்பது அந்த மணிச்சட்டத்துக்குள் இல்லை. அப்புறம் லெவலுக்கு ஒரு புத்தகக் கட்டு, லெவலுக்கு ஒரு தேர்வு, போட்டிக்கு வந்த எல்லோருக்கும் ஒரு கோப்பை. மூன்றாவது கோப்பையோடு நிறுத்திக்கொண்டோம். பரணில் இருக்கிறது.

இதை வைத்து அபாகஸே வீண் என்று சொல்லிவிட முடியாது. வதோதராவில் ஒரு பள்ளியில் 204 குழந்தைகளை மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்து நடத்திய ஆய்வு ஒன்று 2016-ல் வெளிவந்தது. யாருக்கு அபாகஸ், யாருக்கு வழக்கமான கணக்கு என்பதைக் குலுக்கல் மாதிரிப் பிரித்திருந்தார்கள். அபாகஸ் படித்த பிள்ளைகள் கூட்டல் கழித்தலில் முந்தினார்கள், அது உண்மை. ஆனால் நினைவாற்றல் போன்ற அடிப்படைத் திறன்கள் அதனால் மாறவில்லை. நோட்டீஸ்களில் 'மூளை வளர்ச்சி', 'கவனக் குவிப்பு' என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்களே, அந்த இடத்தில்தான் ஆய்வு கையை விரிக்கிறது. கையைக் கட்டிப்போட்டாலும் மனதிலேயே வேகமாகக் கூட்ட வேண்டும் என்பது உங்கள் ஆசையானால் அபாகஸ் அதைக் கொடுக்கும். எங்களுக்கு அந்த ஆசை தீர்ந்துவிட்டது.

டெமோவில் பள்ளி காட்டியது அபாகஸ் இல்லை, 'வேதக் கணிதம்' கொஞ்சம், ஒலிம்பியாட் பயிற்சித் தாள் கொஞ்சம். மிஸ் பலகையில் 97 × 96 என்று எழுதினார். நூறுக்கு 3 குறைவு, 4 குறைவு. 97-லிருந்து 4 போனால் 93. 3-ஐயும் 4-ஐயும் பெருக்கினால் 12. விடை 9312. பெற்றோர் பக்கம் கைதட்டல். முன்வரிசையில் ஒரு பெண் எழுந்து, "மிஸ், 47-க்கு?" என்று கேட்டாள். அன்று அந்த அறையில் கேட்கப்பட்ட ஒரே கணக்குக் கேள்வி அதுதான். "அது நெக்ஸ்ட் லெவல்மா, உட்காரு" என்றார் மிஸ். ஏன் 93, ஏன் 12 என்பதற்கு இரண்டாம் வகுப்பில் காரணம் சொல்வது கஷ்டம், புரிகிறது. அப்படியென்றால் அந்த வயதில் அதைச் சொல்லிக்கொடுப்பானேன்? (பெயரில் வேதம் இருந்தாலும் இது வேதத்தில் உள்ள பாடமில்லை. பூரி சங்கராச்சாரியாராக இருந்த பாரதி கிருஷ்ண தீர்த்தர் எழுதி, அவர் மறைந்த பிறகு 1965-ல் அச்சில் வந்தது.) ஒலிம்பியாட் விஷயத்திலும் ஒரு குழப்பம் உண்டு. ஒன்றாம் வகுப்பிலிருந்தே தனியார் நிறுவனங்கள் நடத்தும் தேர்வுகளுக்கும், 1959-ல் ருமேனியாவில் தொடங்கிய சர்வதேசக் கணித ஒலிம்பியாட்டுக்கும் சம்பந்தமில்லை. அதற்கான இந்திய அணி மும்பை ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் வழியாகத் தேர்வாகிறது. அந்தப் பாதை உயர்நிலைப் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கானது. ஏழு வயதில் அவசரமில்லை.

வீட்டில் கணக்குக்கு வழியில்லையா என்றால், மாமியார் வேலூரிலிருந்து வரும்போது கொண்டுவந்த பல்லாங்குழி இருக்கிறது. 14 குழி, குழிக்கு 5 புளியங்கொட்டை, மொத்தம் 70. எந்தக் குழியிலிருந்து எடுத்தால் கடைசிக் கொட்டை எங்கே விழும் என்று மகள் இப்போது கையை வைக்காமல் கண்ணாலேயே எண்ணிப் பார்க்கிறாள். ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் 'பசு' என்று அள்ளிக்கொள்ளலாம் என்பதால், எந்தக் குழியில் மூன்று இருக்கிறது என்று ஒரு கண் வைத்திருக்கிறாள். பாட்டியை இரண்டு முறை ஜெயித்துவிட்டாள். மூன்றாவது முறை பாட்டி விட்டுக்கொடுத்தார் என்று எனக்குச் சந்தேகம்.

அப்புறம் கோலம். போன மாதம் வாசலில் 7 புள்ளி, 1 வரை நேர்ப்புள்ளி வைத்தார்கள். 1, 3, 5, 7, 5, 3, 1. எத்தனை புள்ளி என்று கேட்டதற்கு ஒவ்வொன்றாகத் தொட்டு 25 என்றாள் மகள். கொஞ்ச நேரம் கழித்து, சாய்வாக நின்று பார்த்தால் "நாலு நாலா ஒரு கட்டம், உள்ள மூணு மூணா ஒரு கட்டம்" என்று கத்தினாள். 16-ம் 9-ம் 25. நான் முப்பத்தெட்டு வருடமாகக் கோலத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறேன், இது என் கண்ணில் பட்டதில்லை. சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் சக ஆய்வாளர்களும் கோலத்தைக் கணிதமாக எழுதி 1974-லேயே ஆய்வுக் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள் என்பது கூடுதல் செய்தி. மனைவியிடம் அந்த 25-ஐக் காட்டித்தான் கணக்குக் கட்சியை பாதி கலைத்தேன். மீதிப் பாதியை, மகளைக் கடைக்கு அனுப்பிச் சில்லறை வாங்கிவரச் சொல்லிக் கலைத்துக்கொள்ளலாம்.

இசைக்கு வருவோம். இங்கேதான் மாமியாரின் மனம் கோணாமல் எழுத வேண்டியிருக்கிறது.

டெமோ நடந்தது பள்ளி ஹாலில். 28 குழந்தைகள், ஒரு சார், ஒரு கீபோர்டு. ஒரு பிரார்த்தனைப் பாட்டும், ஆண்டு விழாவுக்கான ஒரு கூட்டுப் பாட்டும். எல்லோருக்கும் ஒரே சுருதி, ஐந்து கட்டை. அது பலருக்குப் பொருந்தியது. சுவரோரம் நின்ற ஒரு பையன் மட்டும் முழுப் பாட்டையும் தன் சொந்தச் சுருதியில் பாடிக்கொண்டிருந்தான், சந்தோஷமாக, வேறு எங்கோ. 28 குரலில் அவன் குரல் யார் காதிலும் தனியாக விழவில்லை. சார் நல்ல மனிதர், அவர்மேல் குற்றமில்லை. ஒரு மணி நேரத்தை 28-ஆல் வகுத்தால் ஆளுக்கு இரண்டு நிமிடம்தான் வரும்.

கர்நாடக சங்கீதம் இப்படிக் கூட்டமாக நிறுத்திச் சொல்லிக்கொடுக்கத் தோதான கலையே இல்லை. மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் என்று ஆரம்பப் பயிற்சிகளாகப் போகும் இந்தப் பாதையைப் போட்டுக் கொடுத்தவர் இதே கன்னட மண்ணின் புரந்தரதாசர் என்பது மரபு. ஆதி தாளத்துக்கு எட்டு அட்சரம், அதாவது எட்டு எண்ணிக்கை. முதல் காலத்தில், அதாவது முதல் வேகத்தில், அட்சரத்துக்கு ஒரு ஸ்வரம், இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு. கை ஒரே வேகத்தில் தட்ட வேண்டும், வாய் மட்டும் இரட்டிக்க வேண்டும். குழந்தைகள் பெரும்பாலும் வாயோடு சேர்த்துக் கையையும் ஓடவிட்டுவிடுவார்கள். அதை அந்த நொடியில் ஒருவர் கையைப் பிடித்து நிறுத்த வேண்டும். சுருதி விலகுவதும் அப்படித்தான், உடனே காதில் வாங்கித் திருத்த ஆள் வேண்டும். "பாட்டு கத்துக்கிட்டா கணக்கு வரும்" என்ற மாமியார் வாதத்தில் உண்மை இருந்தால் இந்த எட்டு, பதினாறு, முப்பத்திரண்டில்தான் இருக்கிறது. மற்றபடி மொஸார்ட் கேட்டால் புத்தி வளரும் என்ற வகையான பேச்சுக்கெல்லாம் வேர், 1993-ல் கல்லூரி மாணவர்களிடம் நடத்திய ஒரு சோதனை. அதில் கண்ட பலன் கால் மணி நேரம்கூட நீடிக்கவில்லை. குழந்தைகள் அதில் இல்லவே இல்லை.

பாட்டுக்கு எங்கள் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி ஒரு டீச்சர் இருக்கிறார். ஒரு பேட்ச்சுக்கு நான்கு பேர்தான் எடுக்கிறார். ஒவ்வொருவரையும் தனியாகப் பாடச் சொல்லிக் கேட்கிறார். கொஞ்ச வருடம் தொடர்ந்தால் மாநில அளவிலான ஜூனியர் தேர்வு, சீனியர் தேர்வு என்று போகலாம். நான் அவ்வளவு தூரம் இப்போதே யோசிக்கவில்லை. அவர் போட்ட ஒரே நிபந்தனை: தினமும் காலையில் பதினைந்து நிமிடம் வீட்டில் பாட வேண்டும், பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார வேண்டும். இசை வகுப்பின் உண்மையான விலை ஃபீஸ் இல்லை, இந்தப் பதினைந்து நிமிடம்தான். யார் உட்காருவது என்பதற்குப் பதில் எங்கள் வீட்டில் தயாராக இருக்கிறது. காபி டம்ளரோடு ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டார்.

கீபோர்டு வேண்டுமா என்று சிலர் கேட்பார்கள். மேற்கத்திய இசை கற்க அது நல்ல வழி, கிரேடு தேர்வுகளும் உண்டு. கர்நாடக இசைக்குத்தான் அது சரிவராது. கட்டைகளுக்கு நடுவே வழுக்கிப் போக முடியாத கருவியில், ஸ்வரத்தை அசைத்து இழைக்கும் கமகத்தை எங்கே தேடுவது? எந்த இசை என்று தெரியாமலே இருந்தால் முதலில் காதுக்குக் கொடுக்கலாம். ஜே.பி. நகரில் 2019-ல் திறந்த இந்திய இசை அருங்காட்சியகத்தின் வெளியே ஒரு ஒலித் தோட்டம் இருக்கிறது, எல்லாவற்றையும் தட்டிப் பார்க்கலாம். 1939-ல் தொடங்கிய, சாமராஜபேட்டை கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்தில் நடக்கும் ராமநவமிக் கச்சேரிகளுக்குப் போகலாம். எங்கள் மகள் அங்கே தனி ஆவர்த்தனம் வரை விழித்திருந்தாள், அதன் பிறகு என் மடியில் தூங்கிவிட்டாள். அது ஒரு ஆரம்பம்தானே.

ஓவியத்தைப் பற்றி எனக்கு முதலில் பெரிய அபிப்பிராயம் இல்லை. காரணம் எங்கள் கிளப் ஹவுஸ் வகுப்பு. சென்ற கோடையில் மகள் அங்கே எட்டு ஞாயிறு போனாள். முதல் நாள் பலகையில் இரண்டு மலை, நடுவில் சூரியன், சூரியனிலிருந்து கிளம்பி முன்னால் வரும் ஆறு, ஓரத்தில் ஒரு குடிசை, ஒரு தென்னை. பறவைகளுக்கு ஆங்கில எம் எழுத்து. பதினைந்து குழந்தைகளும் அதையே வரைந்தார்கள். மலை கொஞ்சம் கோணினால் டீச்சரே வந்து அழித்துத் திருத்திக் கொடுத்தார், அதனால் வீட்டுக்கு வந்த படங்கள் எல்லாம் அழகாக இருந்தன. எட்டு வாரம் கழித்து, "ஏதாவது வரைஞ்சு காட்டு" என்றால் மகள் மலையைத்தான் வரைந்தாள். பெங்களூரில் பிறந்து வளர்ந்தவள். நந்தி மலைக்கு இரண்டு தரம் போயிருக்கிறாள், அங்கே சூரியனைப் பார்க்கவே இல்லை, ஒரே மூடுபனி.

பள்ளி டெமோவில் அதைத்தான் எதிர்பார்த்துப் போனேன். ஓவிய அறையில் நீள மேசைகள், மேலே பழைய செய்தித்தாள், சுவர் பக்கம் இரண்டு சிங்க். மிஸ் சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை என்று நான்கு போஸ்டர் கலர் மட்டும் வைத்தார். கறுப்பு கிடையாது, பச்சை கிடையாது. "மழை நாள்ல உங்க வேன் எப்படி இருக்கும்?" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிட்டார். பலகையில் எதுவும் வரையவில்லை.

எங்கள் வேன் மஞ்சள். மகள் வேனை முடித்துவிட்டு, ரோட்டோர மரத்துக்குப் பச்சை தேடினாள். இல்லை. பக்கத்துப் பையன் நீலத்தில் மஞ்சளைத் தவறி விட்டான், பச்சை வந்தது. அந்த மேசை முழுக்க அடுத்த ஐந்து நிமிடம் அந்தச் செய்தி பரவியதைப் பார்த்திருக்க வேண்டும். ரோட்டுக்குக் கறுப்பு வேண்டும் என்று எல்லாவற்றையும் கலக்கிய மகளுக்குச் சேறு மாதிரி ஒரு பழுப்பு கிடைத்தது. "நம்ம ரோடு மழைல இப்படித்தான் இருக்கும்" என்று அதையே பூசிவிட்டாள். மிஸ் வந்தார், பிரஷ்ஷைத் தொடவில்லை. "வேனுக்குள்ள இது யாரு?" என்று மட்டும் கேட்டார். வேனின் பக்கச் சுவர் கண்ணாடி மாதிரித் தெரிய, உள்ளே ஏழு பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

தாளின் அடியில் ஒரு கோடு, அதுதான் தரை. மேலே ஒரு நீலப் பட்டை, அதுதான் வானம். நடுவில் வெறுமை. ஏழு முதல் ஒன்பது வயதுக் குழந்தைகள் இப்படித்தான் வரைவார்கள் என்று விக்டர் லோவன்ஃபெல்ட் என்ற கலைக் கல்வியாளர் 1947-லேயே எழுதியிருக்கிறார். வானம் தரையைத் தொடுகிறது என்று யாராவது திருத்தினால் திருத்திக்கொள்வார்கள். ஆனால் அது அவர்கள் கண்டுபிடித்ததாக இருக்காது. அந்த மிஸ் திருத்தவில்லை. அவருக்கு நான் கொடுக்கும் மதிப்பெண்ணில் பாதி அதற்குத்தான்.

இன்னொரு பாதி சுயநலம். எங்களுடையது வாடகை வீடு, இரண்டு பெட்ரூம், வெள்ளைச் சுவர். பெங்களூரில் வீடு காலி செய்யும்போது பெயின்ட் அடிக்கவென்று அட்வான்ஸில் ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது வழக்கம். சுவரில் கை வைத்தாலும் வைக்காவிட்டாலும் பிடிப்பார்கள், அது வேறு விஷயம். ஆனாலும் ஹாலில் நான்கு நிறத்தைத் திறந்து வைத்துவிட்டு மகளை விட்டு நகரும் தைரியம் எனக்கு இல்லை. வீட்டில் கிரேயான்தான் நடக்கும். பெரிய மேசையும், சிந்தினால் திட்டாத ஆளும், பச்சையைக் கண்டுபிடித்துச் சொல்லும் பக்கத்துப் பையனும் பள்ளியில்தான் கிடைக்கும். ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குமார கிருபா சாலையை அடைத்து நடக்கும் சித்திரச் சந்தைக்கு வருடா வருடம் போகிறோம், கூட்டத்தில் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு. இந்த முறை கீழே இறக்கிவிட வேண்டியிருக்கும், அவளே பார்க்க ஆரம்பித்தால்.

ஆக எங்கள் கணக்கு இப்படி முடிந்தது. பள்ளியில் ஓவியம். பாட்டு, மூன்று தெரு தள்ளியிருக்கும் டீச்சரிடம், சனிக்கிழமை காலை. கணக்கு, வீட்டு வாசலிலும் பல்லாங்குழியிலும். உங்கள் பள்ளியில் இசைக்கு ஆறு பேருக்கு ஒரு ஆசிரியர் இருந்து, ஓவியத்தில் இரண்டு மலை வரைகிறார்கள் என்றால் என் தேர்வைத் தலைகீழாக்கிக்கொள்ளுங்கள். நல்ல கணக்கு மிஸ் வாய்த்து, "47-க்கு?" என்று கேட்டவளை உட்காரச் சொல்லாமல் பலகைக்குக் கூப்பிடுகிறார் என்றால், நான் வேறு எதையும் பார்க்க மாட்டேன். டெமோ வகுப்பில் பலகையைப் பார்க்காதீர்கள், கேள்வி கேட்கும் குழந்தைக்கு என்ன பதில் வருகிறது என்று பாருங்கள்.

சுற்றறிக்கையின் கடைசி வரியை நேற்றுத்தான் சரியாகப் படித்தோம். சிறப்பு வகுப்பில் சேரும் குழந்தைகளுக்கு அந்த இரண்டு நாளும் பள்ளி வேன் கிடையாது, பெற்றோரே 4.15-க்கு வந்து அழைத்துப் போக வேண்டும். கக்கதாசபுரா ரயில்வே கேட் அந்த நேரத்தில் விழுந்தால் எப்போது எழும் என்று யாராலும் சொல்ல முடியாது. வியாழக்கிழமை எனக்கு வீட்டிலிருந்தே வேலை, நான் போய்விடுவேன். செவ்வாய்க்கு அத்தையை ஆட்டோவில் அனுப்பலாமா என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். "பாட்டு கிளாஸா இருந்தா போயிருப்பேன் மாப்பிள்ளை" என்றார். டிக் அடித்தாகிவிட்டது. செவ்வாய்க்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை.